யாதொரு தொடர்பும் இல்லை

ஒருநாள் விட்டு ஒருநாள், காலை சரியாக ஆறு மணிக்கு அம்மன் வந்தாள், ஏழரைக்குப் போனாள். வெள்ளிக்கும் அதே நேரம், அமாவாசைக்கும் அதே நேரம். எந்தத் தெய்வமும் இத்தனை ஒழுங்காக வேலைக்கு வந்ததாகப் புராணத்தில் குறிப்பில்லை. ஒரேயொரு முறை மட்டும் அவள் ஏழு மணிக்கு வந்தாள். அன்றைக்கு வால்வு திறக்கும் கருப்பனின் சைக்கிள் பஞ்சர்.

அம்மனின் வருகைக்கும் கருப்பனின் சைக்கிளுக்கும் உள்ள உறவை அறிந்தவர்கள் ஊரில் இருவர். ஒருவர் கருப்பன். மற்றவர் நகராட்சியின் குடிநீர்ப் பிரிவில் உதவிப் பொறியாளராக இருந்த இளஞ்செழியன்.

அது இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு. வானம் இரண்டு ஆண்டுகளாக வாக்குத் தவறியிருந்தது. கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் கிணறுகளில் கயிறு போதாமல் போனது. நகரத்துக் குழாய்களில் சாத்தனூர் அணைத் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தது. அந்தக் கோடையில்தான், செங்கம் சாலையை விட்டுக் கிரிவலப் பாதை பிரியும் இடத்துக்கு அரைக் கல் அப்பால், ஓர் அரச மரத்தடியில் மண் நனைந்தது. நனைந்த மண் குழியாயிற்று. குழி நிரம்பி வழிந்தது. வறண்ட பூமியில் ஈரத்தைக் கண்டால் மண்வெட்டியைத் தேடுவது உழவன் வழக்கம். இங்கே முதலில் கண்டவர் மண்வெட்டியைத் தேடவில்லை. நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டார். விழுந்தவர் பெயர் இராமலிங்கம். மரத்துக்கு நேர் எதிரில் அவருக்குத் தேங்காய், பழம், கற்பூரக் கடை இருந்ததைத் தற்செயல் என்றே கொள்வோம்.

மரத்துக்கு நாலடி கீழே ஓர் இரும்புக் குழாய் போயிற்று. மாவட்டம் பிரிந்த எண்பத்தொன்பதில் பதித்தது. அதன் இணைப்பில் உருக்கி ஊற்றியிருந்த ஈயம், அரச மரத்து வேரின் நெருக்கலுக்கு ஈடுகொடுக்க முடியாமல் விட்டுக்கொடுத்துவிட்டது. அந்தக் குழாய் போய்ச் சேரவேண்டிய இடம் பாறைமேடு. கல்லுடைப்பவர்களும் கட்டட வேலைக்குப் போகிறவர்களும் குடியிருந்த நூற்றுப் பதினெட்டு வீடுகள். மேட்டுக்கு ஏறவேண்டிய தண்ணீர் வழியிலேயே தெய்வமாகிவிட்டதால், மேட்டுக்குக் காற்றுதான் போயிற்று.

பங்குனி மாதத்தில் ஒருநாள் பாறைமேட்டுப் பெண்கள் பதினொரு பேர், வெறுங்குடங்களோடு நகராட்சி அலுவலகப் படியில் வந்து உட்கார்ந்தார்கள். அவர்களுக்குத் தலைவி ஆராயி. ரமணாசிரமம் பக்கம் ஒரு விடுதியில் வெளிநாட்டுக்காரர்களின் படுக்கை விரிப்புகளைத் துவைக்கும் வேலை அவளுக்கு. நாளெல்லாம் தண்ணீரில் நின்றுவிட்டு, தண்ணீர் இல்லாத வீட்டுக்குத் திரும்புகிறவள்.

"இன்னா சார் இது? தொறந்தா புஸ்ஸுனு காத்துதான் வருது. காத்த எந்தக் கொடத்துல புடிக்கிறது?"

"வழியில குழாய் உடைஞ்சிருக்கும்மா. தோண்டி அடைக்கணும். சித்ரா பௌர்ணமிக்குள்ள உங்க தெருவுக்குத் தண்ணி வரும்."

"எங்க உடைஞ்சிருக்குது?"

இளஞ்செழியன் இடத்தைச் சொன்னார். பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஆராயி நெற்றியில் அறைந்துகொண்டாள்.

"அடிப் பாவி! போன வெள்ளிக்கெழம அங்க போய்க் கல்பூரம் ஏத்தி, எங்க தெருவுக்குத் தண்ணி வரணும் தாயேனு வேண்டிக்கினு வந்தேனே! எங்க தண்ணி கிட்டயேவா வேண்டிக்கினேன்?"

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். இளஞ்செழியன் சிரிக்கவில்லை. அவருக்கு அந்தப் பெயரை வைத்தவர் தந்தை. ஊர் ஊராய்ப் பெட்ரோமாக்ஸ் விளக்கடியில் நின்று, 'ஏன், எதற்கு, எப்படி என்று கேள்' என்று முழங்கிய மனிதர் அவர். அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு ஓர் எண்ணம் உறுதியாக இருந்தது: மெய்யை மக்கள் முன்னால் வைத்தால் போதும், பொய் தானே ஓடிவிடும். அந்த எண்ணத்தோடு அவர் அரச மரத்தடிக்குப் போனார்.

போனபோது அது மரத்தடியாக இல்லை. கீற்றுக்கொட்டகை எழுந்திருந்தது. உண்டியல் இருந்தது. 'தீர்த்தக் கமிட்டி' என்று பலகை இருந்தது. அதன் தலைவர் இராமலிங்கம் இருந்தார். வரிசையில் முந்நூறு பேருக்குக் குறையாது. அவர்களில் பதினாறாவது ஆளாக, கைகூப்பிக் கண்மூடி, காக்கிச் சட்டையோடு கருப்பன் நின்றிருந்தான்.

"யோவ் கருப்பா, நீ எங்கய்யா இங்க?"

"கும்பிட வந்தேன் சார்."

"காலையில வால்வைத் திறந்தது யாரு?"

"நான்தான் சார். தொறந்துட்டு நேரா இங்கதான் வர்றேன்."

"நீ திறந்த தண்ணி உனக்கே தீர்த்தமா?"

கருப்பன் கொஞ்சமும் கலங்கவில்லை. "தொறந்தது நானு சார். வந்தது அவ."

இந்தத் தத்துவத்துக்கு விடைசொல்ல எந்தப் பொறியியற் கல்லூரியிலும் பாடம் இல்லை. இளஞ்செழியன் அவனை விட்டுவிட்டு, கையோடு கொண்டுவந்த சோதனைப் பெட்டியைத் திறந்தார். சிறு கண்ணாடிக் குப்பி ஒன்று, மருந்துப் புட்டி ஒன்று. நகராட்சி, குடிநீரில் குளோரின் கலந்துதான் அனுப்பும். அது குழாயின் கடைசி வரை போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க, குப்பியில் தண்ணீர் பிடித்து இந்த மருந்தைச் சொட்டுவார்கள். குளோரின் இருந்தால் நிறம் மாறும். ஊற்றுநீரில் குளோரின் ஏது? இதைவிட எளிய நிரூபணம் உலகில் உண்டா?

கொட்டகைக்கு முன்னால் கிடந்த ஒரு பெஞ்சின்மேல் ஏறி நின்றார். தந்தையின் குரல் அவருக்கும் வாய்த்திருந்தது.

"பெரியோர்களே, தாய்மார்களே! இது மலையிலிருந்து வந்த தண்ணீரா, நகராட்சி அனுப்பிய தண்ணீரா என்பதை நானும் சொல்ல வேண்டாம், நீங்களும் சொல்ல வேண்டாம். தண்ணீரே சொல்லட்டும். இந்தக் குப்பியில் மூன்று சொட்டு மருந்து விடுகிறேன். ஊற்றுநீர் என்றால் நிறம் மாறாது. மாறினால், இது சாத்தனூர் அணையிலிருந்து குழாய்வழியே வந்த தண்ணீர். உங்கள் கண்ணே சாட்சி!"

இராமலிங்கத்தின் முகம் சுண்டியது. இளஞ்செழியன் குழியில் மொண்டு, குப்பியை உயரத் தூக்கி, ஒன்று, இரண்டு, மூன்று என்று சொட்டினார். தண்ணீர் மெல்ல நிறம் திரும்பி, வெயிலில் பளிச்சென்று மஞ்சளாயிற்று.

மெய் வென்றுவிட்டது என்று அவர் நினைத்த அந்த ஒரு கணம், அவர் வாழ்வின் மிக இனிய கணமாக இருந்திருக்கும். அடுத்த கணம் முன்வரிசையில் ஒரு பெண் அலறினாள்.

"மஞ்சா! மஞ்சா பூசிக்கினு வந்துட்டாடீ என் தாயி!"

குலவை எழுந்தது. முந்நூறு பேரின் குலவை. இளஞ்செழியன் கத்தினார்: "அது குளோரின்! குளோரின்!" அது மந்திரம் என்று கருதிய இருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒருத்தி குழந்தையை இடுப்பிலிருந்து தூக்கி நீட்டி, "சார், அந்தக் குப்பித் தண்ணிய இதும் தலையில ரெண்டு சொட்டு தெளிங்க சார்" என்று கெஞ்சினாள். இன்னொருவர் தண்ணீரை முகர்ந்து பார்த்துவிட்டு, பச்சைக் கற்பூர வாசனை வருவதாக அறிவித்தார். உண்மையில் அது பிளீச்சிங் பவுடர் வாசனை.

முகம் மலர்ந்துவிட்ட இராமலிங்கம், பெஞ்சுக்குக் கீழே வந்து கைகூப்பினார். "இத்தினி நாளா அம்மாவுக்குப் பேரு வெக்காம தவிச்சிக்கினு இருந்தோம். உங்க கையால தன் நெறத்தக் காட்டிட்டா. இனிமே இது மஞ்சளம்மன் தீர்த்தம்." கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, "இன்ஜினியர் சாருக்கு ஒரு மாலைய போடுப்பா!" என்றார்.

மறுநாள் உள்ளூர்த் தாளில் செய்தி வந்தது: 'மஞ்சளாக மாறிய அதிசய நீர். அரசுப் பொறியாளர் சோதனையில் உறுதி.' பக்கத்தில் மாலையோடு இளஞ்செழியன் படம். நாத்திகரான தந்தை உயிரோடு இல்லை என்பது அன்றைக்கு அவருக்கு ஓர் ஆறுதலாக இருந்தது.

அவருடைய அறிவுப் பிரசாரத்தின் முதல் பயன், கூட்டம் முந்நூறிலிருந்து மூவாயிரமானது. இரண்டாம் பயன், குழியைச் சுற்றிக் கம்பி வேலி வந்தது. மூன்றாம் பயன் என்னவென்று நான்கு நாள் கழித்து ஆராயி வந்து சொன்னாள். இந்த முறை அவள் தனியாகத்தான் வந்தாள். குடம் ஒரு பக்கம் நசுங்கியிருந்தது.

"அது எங்க தண்ணிதானே சார்? போயி மொண்டுக்கினு வரலாம்னு நாலு பேரு போனோம். கமிட்டிக்காரன் வுடல. 'கொடத்தோட உள்ள வரக்கூடாது, தீட்டு'ன்றான். 'எந்தத் தெரு'னு கேட்டான். பாறைமேடுனு சொன்னதும் இன்னும் ரெண்டு முழம் தள்ளி நில்லுன்றான். அப்புறம் ஒருத்தன் உத்தரணியில எடுத்து, மேல படாம உள்ளங்கையில ஊத்தறான் சார். ஒரு உத்தரணி! ஒரு உத்தரணி தண்ணிய வெச்சிக்கினு நான் சோறாக்கறதா, புள்ளைக்குக் குண்டி கழுவி வுடறதா?"

அவர் நசுங்கிய குடத்தைப் பார்த்தார்.

"மஞ்சளாக்கிக் காட்டினது நீங்கதானாமே?"



சொந்தத் தண்ணீரைத் தொடச் சொந்தக்காரனுக்குத் தீட்டு! இதைக் கேட்டுவிட்டு அவர் தோண்டுவதற்கு ஆள் அனுப்பினார். ஆட்கள் கடப்பாரையோடு போனார்கள். கடப்பாரையில் விபூதிப் பட்டையோடு திரும்பினார்கள். அன்று மாலையே நகர்மன்றத் தலைவர் வீட்டுக்கு அழைத்தார். தலைவர் ஒருகாலத்தில் கடவுள் மறுப்புக் கூட்டங்களில் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டியவர். பிறகு வாக்காளர்களை எண்ணக் கற்றுக்கொண்டவர்.

"செழியன், அங்க தோண்டாதீங்க. ஊரே கொதிக்குது."

"ஐயா, அது குழாய் உடைப்பு. பாறைமேட்டுல நூத்திப் பதினெட்டு குடும்பம் தண்ணி இல்லாம..."

"குழாய்ன்றீங்க. நீங்க கண்ணால பாத்தீங்களா?"

"நாலடி ஆழத்துல இருக்குதுங்க. வரைபடம் இருக்குது."

தலைவர் சிரித்தார். "உங்கப்பா பேச்ச நானும் கேட்டிருக்கேன்யா. கண்ணால காணாதத நம்பாதேன்னுவாரு. இப்ப நீங்க மண்ணுக்குள்ள ஏதோ இருக்குது, யாரோ எழுதி வெச்சிருக்காங்க, அத நம்புன்றீங்க. அவங்களும் அதத்தானே சொல்றாங்க?"

தந்தையின் வாளை எடுத்து மகனைக் குத்துவதில் தலைவருக்குத் தேர்ச்சி இருந்தது. இளஞ்செழியன் எழுந்து வந்துவிட்டார்.

வேறு வழியாகப் பாறைமேட்டுக்குப் புதுக்குழாய் கேட்டு அவர் முன்பே எழுதியிருந்தார். வறட்சி நிவாரணத்துக்கென்று வந்த குழாய்கள் கிடங்கில் மலைபோல் கிடந்தன. ஆனால் மேலிடத்து ஆணை, 'குழாயே இல்லாத தெருக்களுக்கு முதலில்' என்றது. பாறைமேட்டுக்குப் பதினான்கு ஆண்டுகளாகக் குழாய் இருந்தது. தண்ணீர் இல்லையே என்றால், ஆணையில் தண்ணீரைப் பற்றிப் பேச்சில்லை. குழாயைப் பற்றித்தான் பேச்சு. இருக்கிற குழாயைத் தோண்டக் கடவுள் விடவில்லை. இல்லாத குழாயைப் போட அரசு விடவில்லை. இரண்டுக்கும் நடுவில் நூற்றுப் பதினெட்டு வீடுகளில் நாக்கு வறண்டது.

சித்ரா பௌர்ணமிக்குப் பதினாறு நாள் இருக்கும்போது, இராமலிங்கம் வார்டு உறுப்பினர் ராஜேந்திரனை அழைத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார். கையில் ஒரு மனு.

"ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல சார்" என்றார் ராஜேந்திரன். "சில பேரு இன்னும் குழாய்த் தண்ணினு கிண்டல் பண்றானுங்க. பௌர்ணமிக்கு லட்சக்கணக்குல ஜனம் வரும். அதுக்குள்ள இது சுயம்பு ஊத்துதான்னு மன்றத்துல ஒரு தீர்மானம் போட்டுட்டா ஒரு கௌரவம். நீங்க ஒரு குறிப்பு எழுதிக் குடுத்தா போதும்."

இளஞ்செழியன் மனுவைக் கையில் வாங்கினார். திருப்பிக் கொடுப்பதற்காகவே வாங்கினார். படித்துக்கொண்டே வந்தவரின் கண் நாலாவது வரியில் நின்றது. 'மேற்படி தீர்த்தத்துக்கும் நகராட்சிக்கும் சம்பந்தம் கிடையாது.' அவர் அந்த வரியை மறுபடி படித்தார். மூன்றாம் முறையும் படித்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் இதுவரை யாரும் பார்த்திராத ஒரு பக்தி இருந்தது.

"இந்த வரி வலுவா இல்லையே" என்றார்.

"எது சார்?"

"'சம்பந்தம் கிடையாது'ன்னு எழுதினா நாளைக்கு எவனாவது கோர்ட்டுக்குப் போவான். அம்மன் விஷயம். ஓட்டை இல்லாம எழுதணும். நான் எழுதித் தரட்டுமா?"

இராமலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தியா ராஜேந்திரா! எத்தினி நாள் சோதிச்சாலும் கடைசியில இழுத்துக்குவா அவ!"

அன்றைக்கு இளஞ்செழியன் எழுதிய அலுவலகத் தமிழ், கல்லில் வெட்டத் தக்கது. 'மேற்படி அரச மரத்தடியில் சுரக்கும் நீர் இயற்கை ஊற்றே ஆகும். மேற்படி இடத்திலோ அதன் வழியாகவோ நகராட்சியின் குடிநீர்க் குழாய் எதுவும் செல்லவில்லை. பழைய வரைபடத்தில் காணப்படும் குழாய் பிழையாகக் குறிக்கப்பட்டதாகக் கருதி நீக்கப்படுகிறது. மேற்படி தீர்த்தத்துக்கும், நகராட்சியின் குழாய்களுக்கும், வால்வுகளுக்கும், நீர் வழங்கும் நாள் மற்றும் நேரத்துக்கும் யாதொரு தொடர்பும் இல்லை; எக்காலத்திலும் இருந்ததும் இல்லை.' கீழே கமிட்டியார் ஒன்பது பேரும் கையெழுத்திட இடம் விட்டார். ஒன்பது பேரும் இட்டார்கள். இராமலிங்கம் தம் பெயருக்குமேல் பிள்ளையார் சுழியும் போட்டார்.

எழுதி முடித்த பிறகு இளஞ்செழியனின் கை சற்று நேரம் பேனாவை விடவில்லை. வாழ்நாளெல்லாம் மெய்யை உரக்கச் சொன்னவர் அவர். சொன்ன மெய்க்கு மாலை விழுந்ததே தவிர, ஒரு சொட்டுத் தண்ணீர் விழவில்லை. இப்போது முதன்முறையாக ஒரு பொய்யை, முத்திரை வைத்து, மூன்று படி எடுத்து எழுதியிருக்கிறார். இது தோல்வியா, தொழிலா என்று அவருக்கே விளங்கவில்லை.

மன்றம் கூடியது. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது, மேசைகள் தட்டப்பட்டன. மறுநாள் காலையில், மாவட்டத்துக்குப் போகவேண்டிய 'குழாயே இல்லாத தெருக்கள்' பட்டியலில் புதிதாக ஒரு பெயர் முதல் வரியில் ஏறியது: பாறைமேடு, வீடுகள் நூற்றுப் பதினெட்டு. ஆதாரம் என்ற கட்டத்தில் நகர்மன்றத் தீர்மானத்தின் எண்ணும் நாளும் எழுதப்பட்டன. ஆணையர் படித்தார், நிமிர்ந்து பார்த்தார், ஒன்றும் கேட்காமல் கையெழுத்திட்டார். அரசுப் பணியில் சில வேளைகளில் வாய்திறக்காமையே பேருதவி.

ஆனால் பாறைமேட்டுக்கு இந்தச் செய்தி பாதியாகத்தான் போய்ச் சேர்ந்தது. ஆராயி விடுதி வேலையில் நனைந்த புடவையோடு நேரே அலுவலகத்துக்குள் வந்தாள். அப்போது எதிர் நாற்காலியில் ராஜேந்திரன் உட்கார்ந்திருந்தார்.

"எங்க தெருவுக்குக் கொழாயே இல்லைனு எழுதிட்டியாமே?"

மரியாதை போய்விட்டதை இளஞ்செழியன் கவனித்தார்.

"பதினாலு வருஷமா அந்தக் கொழாயிலதான் குடிச்சோம். எம் பொண்ணு பொறந்தப்போ அதுல புடிச்ச தண்ணியிலதான் குளிப்பாட்டினேன். அது இல்லவே இல்லைன்றியா? மாலைய போட்டானுங்கனு அந்தப் பக்கம் சாஞ்சிட்டியா?"

ராஜேந்திரன் இருக்கையில் நிமிர்ந்தார். இப்போது ஒரு சொல் சொன்னால் போதும், எல்லாம் வெளியாகிவிடும். தீர்மானம் ஒரே நாளில் திருத்தப்படும். பாறைமேட்டுக்கு மறுபடி காற்றுதான். 

"ஆமாம்மா. உங்க தெருவுக்குக் குழாய் இல்லை. மன்றமே சொல்லிட்டது. நான் என்ன பண்ண முடியும்?"

"த்தூ!" என்றாள் ஆராயி. அவர்மேல் துப்பவில்லை, வாசலில்தான் துப்பினாள். ராஜேந்திரன் திருப்தியாகத் தலையாட்டினார். "இவங்களுக்கெல்லாம் எவ்வளவு செஞ்சாலும் நன்றி கிடையாது சார்" என்று ஆறுதலும் சொன்னார்.

ஐந்தாம் நாள் அனுமதி வந்தது. அடுத்த ஒன்பது நாளும் இளஞ்செழியன் வெயிலில் நின்றார். அரச மரத்தின் பக்கம் எட்டிப் பார்க்காமல், செங்கம் சாலையின் மறுபுறம் சுற்றிக்கொண்டு, புதுக்குழாய் பாறைமேட்டுக்கு ஏறியது. கமிட்டியாரே வந்து வேடிக்கை பார்த்தார்கள். 'குழாய் இல்லாத ஏழைகளுக்குக் குழாய்' என்று ராஜேந்திரன் தட்டியும் வைத்தார். பாறைமேட்டு ஆண்கள் பாறையை உடைத்துத் தந்தார்கள். அந்த வேலையை அவர்களுக்குக் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. ஆராயி மட்டும் அந்தப் பக்கம் வரவில்லை.

பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்னதாக வேலை முடிந்தது. செங்கம் சாலை முக்கில், பழைய கிளைக்குழாய் பிரியும் இடத்தில் இளஞ்செழியன் கருப்பனிடம் சொன்னார்:

"அந்த வால்வை மூடி, தண்ணி போகாம தலைப்புல டம்மித் தட்டு வச்சு முடுக்கிடு."

கருப்பன் திருகுக்கோலைத் தொடவில்லை. "சார்... அப்புறம் அவ எப்படி வருவா?"

"கருப்பா, தீர்மானத்தப் படிச்சியா? அந்தத் தீர்த்தத்துக்கும் இந்த வால்வுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஒன்பது பெரிய மனுஷங்க கையெழுத்து. நீ என்ன, அவங்களைவிடப் பெரிய பக்தனா? இல்லாத தொடர்ப இருக்குதுன்னு சந்தேகப்படறியா?"

கருப்பன் திருகுக்கோலை எடுத்தான். நம்பிக்கையை விட்டுக்கொடுக்காமல் வால்வை மூடுவதற்கு இதைவிட நல்ல வழி அவனுக்கும் தெரியவில்லை. முடுக்கினான்.

மறுநாள் அம்மன் வரவேண்டிய நாள். ஆறு மணிக்கு மேளம் கொட்டினார்கள். ஆறரைக்குத் தீபம் காட்டினார்கள். ஏழுக்கு ஒரு பெண்ணுக்கு அருள் வந்தது, தண்ணீர் வரவில்லை. ஏழரைக்குக் குழியின் அடியில் கிடந்த சில்லறைகள் வெயிலில் மின்னின. எட்டு மணிக்குக் கமிட்டியார் ஒன்பது பேரும் இளஞ்செழியனின் மேசைக்கு முன்னால் நின்றார்கள்.

"வால்வ மூடிட்டீங்களாமே!" என்று சீறினார் இராமலிங்கம்.

"மூடினேன். பயன்பாட்டில் இல்லாத ஒரு வால்வு."

"தண்ணி வரல சார்! நாளைக்கு லட்சம் பேரு வரப்போறான்! தொறங்க மொதல்ல!"

"எங்கே தண்ணி வரல?"

"தீர்த்தத்துலதான்!"

இளஞ்செழியன் தீர்மானத்தின் படியை எடுத்து, அவர் பக்கம் திருப்பி வைத்தார். கோபமில்லாத குரலில், ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். "'குழாய்களுக்கும், வால்வுகளுக்கும், நீர் வழங்கும் நாள் மற்றும் நேரத்துக்கும் யாதொரு தொடர்பும் இல்லை, எக்காலத்திலும் இருந்ததும் இல்லை.' இது உங்க கையெழுத்துதானே? வால்வைத் திறந்தால் அம்மன் வருவாள்னு நீங்க சொன்னா, நான் இப்பவே எழுதிக்கிறேன். 'இது குழாய்த் தண்ணீர்தான்' என்று அதன்கீழே ஒன்பது பேரும் கையெழுத்துப் போடுங்க. தாளிலும் போடச் சொல்லிடுவோம்."

கூட வந்திருந்த ராஜேந்திரன் தலைவர் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினார். தலைவர் பொறுமையாகக் கேட்டார்; பிறகு, தாம் மேசைதட்டிய தீர்மானத்தை ஒரு மாதத்துக்குள் மாற்றினால் எதிரணி சும்மா இருக்குமா என்று கேட்டு வைத்துவிட்டார். எண்ணத் தெரிந்தவர் அல்லவா?

கடைசியில் இராமலிங்கம் குரலைத் தாழ்த்தினார். "சரி சார். தீர்த்தம் அது பாட்டுக்கு இருக்கட்டும். அபிஷேகத்துக்குத் தனியா ஒரு குழாய் இணைப்பாவது குடுங்க."

"தாராளமா. படிவம் இருக்கு."

விண்ணப்பதாரர் பெயர் என்ற இடத்தில் இராமலிங்கம் 'அருள்மிகு மஞ்சளம்மன்' என்று எழுதினார். தகப்பனார் அல்லது கணவர் பெயர் என்ற கட்டம் நெடுநேரம் வெறுமையாகக் கிடந்தது. பிறகு அங்கே 'அண்ணாமலையார்' என்று எழுதி, ஒரு கேள்விக்குறியும் போட்டார். இளஞ்செழியன் வரிசைப் பதிவேட்டைத் திறந்து எண் கொடுத்தார். நானூற்று முப்பத்தொன்று.

"இன்னும் எத்தினி நாளாவும் சார்?"

"முன்னால நானூத்தி முப்பது பேரு இருக்காங்க. யாரையும் தள்ளிட்டு முன்னால விடறதில்லைங்க நகராட்சியில."

பௌர்ணமியன்று காலையில் இளஞ்செழியன் கருப்பனோடு பாறைமேட்டுக்குப் போனார். ஏழு மணிக்கு எல்லாரும் தெருக்குழாய் முன்னால் குடத்தோடு நின்றார்கள். கீழே கிரிவலக் கூட்டத்தின் இரைச்சல் கேட்டது. குழாய் முதலில் காற்றைக் கக்கியது. பிறகு செம்மண் கலந்து வந்தது; பிறகு தெளிந்து, குடத்தின் அடியில் தடதடவென்று விழுந்தது.

வாழ்த்தொலி எழும் என்று இளஞ்செழியன் எதிர்பார்க்கவில்லை என்றால் அது மிகையான அடக்கம். கொஞ்சம் எதிர்பார்த்தார். எழுந்தது வாழ்த்தொலி அல்ல.

"ஏய், எங்கொடத்த எதுக்குடி நவுத்தின?"

"ஒங்கொடம் ராத்திரியே வந்து படுத்துக்கிச்சா இங்க? தள்ளுடி அப்பால!"

"வந்துட்டா பாரு, தண்ணி இல்லாதப்ப வாயும் இல்ல இவளுக்கு!"

குடத்தோடு குடம் இடித்தது. ஒரு கூந்தல் அவிழ்ந்தது. பன்னிரண்டு ஆண்டு வேலையில் இளஞ்செழியன் கற்ற ஒரு பாடம் உண்டு: தண்ணீர் வராத தெருவிலிருந்து மனு வரும், தண்ணீர் வருகிற தெருவிலிருந்துதான் சண்டை வரும். அவர் ஒரு பாறையின்மேல் உட்கார்ந்து, அந்தச் சண்டையைக் கச்சேரி கேட்பதுபோல் கேட்டார்.

ஆராயி குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு அவரெதிரே வந்து நின்றாள். சற்று நேரம் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கருப்பன் அவளுக்கு எல்லாவற்றையும் சொல்லியிருந்தான் என்பது அந்தப் பார்வையில் தெரிந்தது. இருந்தாலும் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை.

"ஏழு மணிக்கு வுட்டா எப்படி சார்? ஆறரைக்கெல்லாம் நாங்க வேலைக்குக் கெளம்பிடறோம். இன்னிக்கு ஏதோ லீவு போட்டுட்டு நிக்கிறோம். அஞ்சு மணிக்கு வுடுங்க. அப்புறம், வேகம் ரொம்பக் கம்மி. கடைசி வீட்டுக்கு நூலு மாதிரி வருது. இன்னா வேல செஞ்சிருக்கீங்க?"

"எழுதிக் குடும்மா. பாக்கலாம்."

"எழுதத் தெரிஞ்சா நான் ஏன் உங்கிட்ட வர்றேன்? நீங்கதான் நல்லா எழுதறீங்களே, எழுதுங்க."

இளஞ்செழியன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். அவள் சொல்லச் சொல்ல எழுதினார். பாறைமேடு, நூற்றுப் பதினெட்டு வீடுகள், காலை ஐந்து மணி, அழுத்தம் போதவில்லை. இந்த முறை எழுதியதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.